கைத்தொலைபேசியும் பொதுக் கணினியும்: செய்தி எங்கே தங்குகிறது?

தோட்டத்தை விட்டு, ஜோகூர் நீரிணையைக் கடந்து, சிங்கப்பூரின் கிழக்குக் கோடியாகிய சாங்கிக்குப் பிழைப்பை நாடிச் சென்ற பிள்ளைகள் நம்மிடையே உளர். 1981ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கு விமான நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து கிடங்குகளும் பட்டறைகளும் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. அப்பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே கடிதம் சுமந்த காலம் போய், இன்று வாட்ஸ்அப் செய்தி சுமக்கிறது. விடுதியில் பலருக்கும் பொதுவான கணினி ஒன்று இருக்குமாயின், படிவம் அச்சிடவும் படங்களைப் பெரிதாகப் பார்க்கவும் தம் கைத்தொலைபேசியை அதனோடு இணைப்பவர் உண்டு. சில வேளை செய்தி தொலைபேசியில் இருக்கிறது, கணினியில் இல்லை. சில வேளை இதற்கு நேர்மாறு. இஃது ஏன் நேர்கிறது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

2015ஆம் ஆண்டு வாட்ஸ்அப் கணினிக்கு வந்தபோது, கணினித் திரை தொலைபேசியின் நிழலாகவே இருந்தது. தொலைபேசி அணைந்தால் நிழலும் மறையும். 2021க்குப் பின் இம்முறை மாறிவிட்டது. இப்போது ஒரு தொலைபேசியோடு நான்கு கருவிகள் வரை இணையலாம். செய்தி அனுப்புபவரின் கருவி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பூட்டிய நகலை அனுப்புகிறது. கிராணியார் ஒரே செக்ரோலை ஐந்து படிகள் எழுதி ஐந்து இடங்களுக்கு அனுப்புவதைப் போன்றது இது. ஒரு படி போய்ச் சேர்ந்தது என்பதால் மற்றவையும் சேர்ந்துவிட்டன என்று கொள்ளலாகாது.

இதன் விளைவை வீட்டிலுள்ளோர் நன்கு உணர வேண்டும். செய்தியின் கீழ் ஒரு குறி தோன்றினால் அது நம்மிடமிருந்து புறப்பட்டுவிட்டது என்பது பொருள். இரண்டு குறிகள் தோன்றினால், பெறுபவரின் தொலைபேசியையோ அதனோடு இணைந்த வேறொரு கருவியையோ அடைந்தது என்பது பொருள். அந்த 'வேறொரு கருவி' விடுதிக் கணினியாகவும் இருக்கலாம்! தந்தையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று தாய் எழுதுகிறார். இரண்டு குறிகள் விழுகின்றன. மகனின் தொலைபேசியோ பெட்டியில் அணைந்து கிடக்கிறது. குறி நீலமாக மாறினாலும், கணினியின் முன் அமர்ந்த பிறரொருவர் திறந்திருக்கக்கூடும். ஆகவே அவசரச் செய்தியை எழுதியதோடு நில்லாமல், அழைத்தும் பேசுதல் வேண்டும்.

இனி, கணினியில் செய்தி வராமைக்குரிய காரணங்களைப் பார்ப்போம். சிலர் கடலையும் தொலைவையும் குறை கூறுவர். சென்னைக்கும் சாங்கிக்கும் இடையே 2004இல் இடப்பெற்ற கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,175 கிலோமீட்டர். அத்தகைய வடங்களில் செய்தி இமைப்பொழுதில் கடந்துவிடுகிறது. பழுது பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும்.

முதன்முறை இணைக்கும்போது, பழைய செய்திகளின் நகலைத் தொலைபேசிதான் கணினிக்கு அனுப்பியாக வேண்டும். அவ்வேளையில் தொலைபேசியின் மின்கலம் வற்றியிருந்தாலோ இணையம் அறுந்தாலோ நகல் பாதியில் நின்றுவிடும். தொலைபேசிக்கு மின்னூட்டி, வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக் காத்திருத்தல் நன்று. எல்லாம் வந்தாலும் அண்மைக் காலச் செய்திகளே வரும்; மிகப் பழையவற்றைத் தொலைபேசியில்தான் தேட வேண்டும். கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் இணைப்புக் கெடும். பொதுக் கணினிகள் சில, ஒவ்வொருவர் எழுந்து போனதும் நினைவைத் துடைத்துவிடும்படி அமைக்கப்பட்டவை. அங்கே ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது பழுதன்று, பாதுகாப்பு. தொலைபேசியைப் 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாதிருந்தால் இணைந்த கருவிகள் தாமே விலகிவிடும்.

இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது விலக மறத்தலாகும். கணினியில் பக்கத்தை மூடுவது விலகுவதாகாது. அடுத்து அமர்பவர் குடும்பச் செய்திகளைப் படிக்கலாம். நம் பெயரால் உறவினரிடம் பணமும் கேட்கலாம். தொலைபேசியில் அமைப்புகளுக்குள் சென்று, 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்னும் பகுதியைத் திறந்தால், எந்தக் கருவி எப்போது கடைசியாக இயங்கியது என்பது தெரியும். அறிமுகமில்லாததைத் தொட்டு விலக்கிவிடலாம். கணினியில் இறக்கி வைத்த படங்கள் மட்டும் விலகிய பின்னும் அங்கேயே கிடக்கும். சம்பளச் சீட்டையோ கடப்பிதழ்ப் படத்தையோ இறக்கியிருந்தால் தனியே அழிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் காவல்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. தேடுதளத்தில் வாட்ஸ்அப் கணினிப் பக்கத்தைத் தேடியவர்கள், முதலில் வந்த போலிப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த கட்டக் குறியைத் தம் தொலைபேசியால் படம் பிடித்தனர். அக்கணமே மோசடிக்காரரின் கணினி அவர்களது கணக்கோடு இணைந்துவிட்டது. உரியவருக்குத் தம் கணக்கு வழக்கம்போல் இயங்குவதாகவே தோன்றக்கூடும் என்பதே இதிலுள்ள வஞ்சகம். ஆறு இலக்க இரகசிய எண் வைத்திருப்பதும் இவ்வகை மோசடியைத் தடுக்காது. அவ்வெண், கணக்கை வேறொரு தொலைபேசியில் பதிவு செய்யும்போதுதான் கேட்கப்படும். எனவே தேடாமல், வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம் என்ற முகவரியை எழுத்தெழுத்தாகத் தாமே தட்டுவது சாலச் சிறந்தது.

மகன் பெயரில் திடீரெனப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், அனுப்புமுன் அவரை அழைத்துக் குரலைக் கேளுங்கள். பணம் போய்விட்டதாயின் மலேசியாவில் 997 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். சிங்கப்பூரிலிருப்போர் ஐயம் தோன்றும்போதே 1799இல் கேட்டுத் தெளியலாம்.