பாட்டு உங்களுடையது, உரிமை யாருடையது?

இளைஞர்களின் புதிய இசையைப் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசியவற்றை, நேரமில்லாமல் அங்கே விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே எழுதித் தருகிறேன்.

நம்மில் பலருடைய வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். இரவு மணி பன்னிரண்டு ஆனாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்திருப்பான். என்னப்பா செய்கிறாய் என்று கேட்டால், "பீட் செய்றேன்மா" என்பான். இரண்டு வாரம் கழித்து அவன் பாட்டு நண்பர்களின் கைத்தொலைபேசியில் ஒலிக்கும். அடுத்த மாதம் யாராவது ஒருவரின் கல்யாண விருந்தில் அதற்கு ஆடுவார்கள். பெற்றோர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதை வைத்துப் பிழைக்க முடியுமா?"

முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் உரிமை கையில் இல்லாதவனுக்குப் பிழைப்பு இல்லை. பாட்டை உருவாக்குவது இன்று மலிவாகிவிட்டது. அதைத் தன்னுடையதாக வைத்துக்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது.

மலிவான கருவிகளின் கதை

நடன இசை, மின்னிசை எல்லாம் பெரிய நிறுவனங்கள் திட்டமிட்டு உருவாக்கியவை என்று நாம் நினைக்கிறோம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாளக் கருவியை வெளியிட்டது. அசல் டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலர் அதை ஒதுக்கினார்கள். சுமார் 12,000 கருவிகளோடு 1983இல் அதன் உற்பத்தி நின்றது. கிட்டார் வாசிப்பவருக்கு பேஸ் துணையாக இருக்கட்டும் என்று 1981இல் வந்த டிபி-303 கருவியும் 1984இல் நின்றுபோனது.

விலைபோகாத இந்தக் கருவிகள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே மலிவாக வாங்கியவர்களில் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் ஃபியூச்சர் என்ற குழுவினர், 303 கருவி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். யாரும் கேட்டிராத ஒரு நெளியும் ஒலி பிறந்தது. 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை அங்கிருந்து கடல் கடந்து பிரிட்டன் முழுவதும் பரவியது.

இதில் நம்மவர் கதையும் ஒன்று உண்டு. பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இதே 808, 303 கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் அது மறுபடியும் வெளிவந்தபோதுதான், சிகாகோவுக்கு ஐந்து ஆண்டு முன்பே இப்படி ஓர் இசையா என்று உலகம் வியந்தது. 2015இல் மறைவதற்கு முன், எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அதே இசையை வாசித்தார்.

தமிழ்த் திரையிசையிலும் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தபோது ஏ.ஆர். ரஹ்மானுக்கு வீட்டோடு சேர்ந்தே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அன்று அப்படி ஒரு கூடம் அமைக்கப் பெரும் பணம் வேண்டும். இன்று ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஹெட்போன், ஒரு மென்பொருள் போதும். பிள்ளையின் படுக்கையறையே ஒலிப்பதிவுக்கூடம் ஆகிவிட்டது.

நம் மண்ணில்

மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று பல மொழிகளில் ராப் பாடிய குழு அது. அதிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் ஆகியோருடன் சேர்ந்து 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். மலேசியத் தமிழ் ராப் தமிழ்நாட்டு இளைஞர்களையும் எட்டியது அப்போதுதான். சிங்கப்பூரில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடும் யங் ராஜா, 2019இல் டெஃப் ஜாம் நிறுவனம் தென்கிழக்காசியாவுக்கு வந்தபோது அதில் இடம்பிடித்தார்.

அந்தப் பாதையில் இன்று வருகிறவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. கூட்டமும் அதே அளவுக்கு அதிகம். உலக அளவில் 2023இல் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய பாடல்கள் இணைய இசைத் தளங்களில் ஏற்றப்பட்டன என்று லூமினேட் என்ற இசைத் தரவு நிறுவனம் கணக்கிட்டது. இவ்வளவு கூட்டத்தில் ஒரு பாட்டு எடுபடுவதே அரிது. அப்படி எடுபடும்போது உரிமை வேறொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும்?

ஒரு பாட்டு, இரண்டு உரிமை

நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை. இது இயற்றியவருக்குச் சேரும். மற்றொன்று, பதிவான ஒலிக்கு உள்ள உரிமை. 'மாஸ்டர்' என்று சொல்வார்கள். இது பொதுவாக அந்தப் பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவருக்குச் சேரும்.

சமையலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அம்மாவின் மீன்குழம்புப் பக்குவம் ஒன்று. அந்தப் பக்குவத்தில் இன்று வைத்த ஒரு பானை குழம்பு இன்னொன்று. பானையை விற்றால் பக்குவத்தையும் விற்றதாக ஆகாது. ஆனால் கையெழுத்திட்ட தாளில் "அனைத்து உரிமைகளும்" என்று எழுதியிருந்தால் இரண்டுமே போய்விடும்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. மெட்டுக்கும் வரிகளுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே சட்டத்தில் 26ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அவருக்காக நீங்கள் ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை கேட்டவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். "அண்ணே, ஐந்நூறு ரிங்கிட் தர்றேன், எனக்கு ஒரு பீட் போட்டுக் கொடுங்க" என்று ஒருவர் கேட்கிறார், நீங்களும் போட்டுக் கொடுக்கிறீர்கள். தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றால், அந்த பீட் பின்னால் லட்சம் ரிங்கிட் ஈட்டினாலும் உங்களுக்கு அந்த ஐந்நூறுதான் மிஞ்சக்கூடும். சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம், பிறர் கேட்டுச் செய்யப்படும் ஒலிப்பதிவு போன்ற சில படைப்புகளில் உரிமை முதலில் செய்தவருக்கே என்று மாற்றியது. அங்கேயும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டால் அதுதான் செல்லும்.

முப்பது டாலர் பீட்

அமெரிக்காவில் லில் நாஸ் எக்ஸ் என்ற பெயர் தெரியாத இளைஞர் 2018இல் இணையத்தில் 30 டாலருக்கு ஒரு பீட் வாங்கினார். அதைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர். 'ஓல்ட் டவுன் ரோட்' என்ற அந்தப் பாட்டு 2019இல் அமெரிக்கத் தரவரிசையில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த பீட்டுக்குள் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் பதிவிலிருந்து எடுத்த ஒரு துண்டு இருந்தது. பாட்டு பெரிதானதும் அதற்கு முறையாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த இருவரின் பெயர்களும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் சேர்ந்தன. பீட் செய்த யங்கியோவின் பெயரும் அதில் இருந்தது.

எல்லாருக்கும் இப்படி நல்ல முடிவு கிடைப்பதில்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்' என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதன் நடுவே டிரம்ஸ் கலைஞர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் ஓர் ஆறு வினாடி தாளம் வருகிறது. 1980களில் ராப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். 1990களில் பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் நடன இசையே அந்த ஆறு வினாடியின் மேல் எழுந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களில் அது ஒலிக்கிறது. ஆனால் கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடு வாசல் இல்லாதவராக அவர் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் இசை அன்பர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டுதான் அந்தத் தாளத்துக்கு உலகம் காட்டிய நன்றி.

நம் மொழியிலேயே அண்மைக்கால உதாரணம் உண்டு. 2021இல் தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' இணையத்தில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. யாருடைய உழைப்புக்கு எவ்வளவு பெயர் என்ற சர்ச்சையும் எழுந்தது. தங்களுக்கு அதிலிருந்து வருமானம் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைத் தந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பெயர் பெற்ற கலைஞர்களுக்கே இப்படி என்றால், முதல் பாட்டு போடும் பிள்ளை எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டியது.

காசு எங்கிருந்து வருகிறது?

ஸ்பாட்டிஃபை போன்ற இசைச் செயலிகள் ஒரு முறை கேட்டதற்கு இவ்வளவு என்று நிலையான தொகை தருவதில்லை. மொத்த வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, யாருடைய பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற கணக்கில் பிரித்து, உரிமையாளர்களுக்குத் தருகின்றன. பாடியவருக்கு நேரே தருவதில்லை என்பதைக் கவனியுங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கு கிடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வானொலியில், தொலைக்காட்சியில், உணவகத்தில், மேடையில் பாட்டு ஒலிக்கும்போது மெட்டுக்கும் வரிகளுக்கும் கட்டணம் உண்டு. மலேசியாவில் 1989 முதல் எம்ஏசிபி அமைப்பும், சிங்கப்பூரில் 1987 முதல் காம்பஸ் அமைப்பும் அதை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகின்றன. உறுப்பினர் ஆகாதவருக்கும், பாட்டைப் பதிந்து வைக்காதவருக்கும் அந்தக் காசு எப்படி வந்து சேரும்?

கையெழுத்துக்கு முன்

புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புபவை இவை:

1. பாட்டு முடிந்த அன்றே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். மெட்டு, வரி, பீட், குரல் எல்லாம் அதில் இருக்கட்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுவதுதான் நல்லது. சண்டை வந்தபின் யாரும் எழுத மாட்டார்கள்.

2. இணையத்தில் பீட் வாங்கினால், அது வாடகைக்கா அல்லது முழு உரிமையோடா என்று படியுங்கள். அதற்குள் வேறொருவர் பாட்டின் துண்டு இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய சினிமாப் பாட்டைப் புதுப்பித்தாலும் அனுமதி வேண்டும்.

3. உங்கள் பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்கு அது அடையாள அட்டை மாதிரி. பாட்டை இணையத்தில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் அதைத் தருகின்றன.

4. மலேசியாவில் மைஐபிஓ அலுவலகத்தில் 2012 முதல் பதிப்புரிமையைத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பின்னால் வழக்கு என்று வந்தால் அது சான்றாக உதவும்.

5. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, 'மாஸ்டர்' யாருக்கு, கணக்கு எப்போது காட்டுவார்கள் ஆகிய நான்கும் தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். "நாளைக்கே கையெழுத்து வேண்டும்" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு வாரம் கேளுங்கள். நேர்மையானவர் தருவார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீடு வாங்கினால், வாகனம் வாங்கினால் ஒப்பந்தத்தை நாமும் வாங்கிப் படிக்கிறோம். பாட்டு என்றால் மட்டும் "ஏதோ விளையாட்டு" என்று விட்டுவிடுகிறோம். அந்த இசை நமக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரைச்சலாகக்கூட நம் காதுக்குப் படலாம். ஆனால் அவன் கையெழுத்திடப் போகும் தாளை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை படிப்பதற்கு, அந்த இசை நமக்குப் பிடித்திருக்க வேண்டியதில்லையே!