பார்வையற்றோர் பரீட்சைக்கு 'கை' கொடுக்கும் 9-ம் வகுப்பு மாணவர்கள்!

மார்ச் மாதம். மும்பையில் எஸ்.எஸ்.சி. பரீட்சை நடக்கிறது. பெரிய வகுப்பறைகளில் பேனா ஓடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஆனால் வராந்தாவின் கோடியில் இருக்கும் ஒரு சிறிய அறையில் மட்டும் பேச்சுக்குரல் கேட்கிறது. யாரும் அதைத் தடுப்பது இல்லை. கண்காணிப்பாளரே பக்கத்தில்தான் உட்கார்ந்து இருக்கிறார்.

உள்ளே 2 மாணவிகள். ஒருத்தி சொல்கிறாள். மற்றவள் எழுதுகிறாள். சொல்கிறவளுக்குக் கண்பார்வை இல்லை. எழுதுகிறவள் 9-ம் வகுப்பில் படிப்பவள். பரீட்சை இவளுடையது அல்ல. மார்க்கும் இவளுக்கு இல்லை.

இப்படி எழுத வருகிறவரை மராட்டியில் "லேக்னிக்" என்கிறார்கள். நம்மவர்கள் "ரைட்டர்" என்று சொல்வது வழக்கம்.

ஏன் 9-ம் வகுப்பு?

மும்பைக்குப் பார்வையற்றோர் பள்ளிக்கூடம் புதிது அல்ல. தாதரில் உள்ள கமலா மேத்தா பள்ளி 1900-ம் ஆண்டிலும், தார்தேவில் உள்ள விக்டோரியா நினைவுப் பள்ளி 1902-ம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை.

பார்வையற்ற மாணவர்கள் பிரெய்லி எழுத்தில் படிக்கிறார்கள். 6 புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்து 63 அடையாளங்கள். பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெய்லி 1829-ல் வெளியிட்ட முறை இது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான "பாரதி பிரெய்லி" 1951-ல் வந்தது. தமிழும் அதில் அடக்கம். தகட்டில் காகிதத்தை மாட்டி, ஊசி போன்ற முனையால் வலப்பக்கம் இருந்து இடப்பக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். காகிதத்தைத் திருப்பித் தடவினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

எல்லாம் சரி. விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியருக்குப் பிரெய்லி தெரிய வேண்டுமே! அதனால்தான் சொல்வதைக் கேட்டு எழுத ஒரு ஆள் தேவைப்படுகிறது.

அந்த ஆள் மேல் வகுப்புக்காரராக இருந்தால் விடையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து விடலாம். ஆகவே, எழுத வருகிறவர் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்று மராட்டியத் தேர்வு வாரியம் வெகுகாலமாக வற்புறுத்தி வந்து இருக்கிறது. 10-ம் வகுப்புப் பரீட்சை என்றால் 9-ம் வகுப்பு மாணவரைத்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடல் லேசானது அல்ல. 9-ம் வகுப்புக்கும் ஆண்டுப் பரீட்சை நெருங்கும் நேரம் அது. "முதலில் உன் படிப்பைப் பார்" என்பார் அப்பா. அவரைக் குறை சொல்லவும் முடியாது. போய் எழுத வேண்டியது ஒரு நாள் அல்ல. எத்தனை பாடமோ அத்தனை நாள். போட்டோ ஒட்டி, தலைமை ஆசிரியர் கையெழுத்து வாங்கி, முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கடைசி நேரத்தில் எழுதுகிறவர் வராவிட்டால் நினைத்தவுடன் வேறு ஒருவரை உட்கார வைக்க முடியாது. பாவம், சொல்லத் தெரிந்தவள் சொல்ல ஆள் இன்றி வாசலில் நிற்பாள். ஒரு வருடம் வீண்.

செடியும் போட்டோவும்

பள்ளி மாணவர்கள் சமூகப்பணி செய்ய வேண்டும் என்பது பழைய திட்டம். ஈசுவர்பாய் பட்டேல் குழு 1977-ல் "சமுதாயத்துக்குப் பயன் தரும் உற்பத்தி வேலை" என்று அதற்குப் பெயர் வைத்தது. ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளில் அதில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. நல்ல நோக்கம்தான். ஆனால் பல இடங்களில் என்ன நடக்கிறது? ஒரு செடி நடுவார்கள். சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் அந்தச் செடி அங்கே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பது இல்லை. வேறு சிலர் கடையில் வாங்கிய அட்டைப்படத்தை ஒட்டிக் கொடுத்து மார்க் வாங்கி விடுகிறார்கள்.

பரீட்சை எழுதிக் கொடுப்பதில் அந்த வித்தை பலிக்காது. வர வேண்டும், உட்கார வேண்டும், எழுத வேண்டும். 2013-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு. 3 மணி நேரப் பரீட்சை 4 மணி நேரம் ஆகிறது. சொல்கிறவளோடு எழுதுகிறவளும் 4 மணி நேரம் இருந்தாக வேண்டும்.

தெரிந்தாலும் சொல்லாதே!

வேலையில் கஷ்டமான பகுதி எழுதுவது அல்ல. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான்.

தண்டி யாத்திரை எந்த ஆண்டு என்று கேள்வி. "1932" என்கிறாள் சொல்கிறவள். 1930 என்பது எழுதுகிறவளுக்குத் தெரியும். ஆனால் "1932" என்றுதான் எழுத வேண்டும். "அக்கா, நன்றாக யோசித்துப் பாருங்கள்" என்று கூடச் சொல்லக் கூடாது. குரலில் ஒரு இழுப்பு வந்தால் அதுவும் உதவிதான். பக்கத்தில் இருப்பவர் தவறு செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, 14 வயதில் எவ்வளவு பெரிய பாடம்!

மற்றது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டலாம். எத்தனை மார்க் என்று சொல்லலாம். "இன்னும் 40 நிமிடம் இருக்கிறது" என்று ஞாபகப்படுத்தலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் படிக்கலாம்.

எழுத்துப்பிழை இன்னொரு தலைவலி. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் மராட்டியைக் கடகடவென்று பேசுவார்கள். எழுதும்போது குறில் எது, நெடில் எது என்று தடுமாற்றம் வரும். சொல்கிறவள் சரியாகத்தான் சொல்லி இருப்பாள். பிழையோ எழுதியவளுடையது. மார்க் போவது சொன்னவளுக்கு! அதனால் பரீட்சைக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் 4, 5 முறையாவது சேர்ந்து உட்கார்ந்து பழைய கேள்வித்தாள்களை எழுதிப் பார்ப்பது நல்லது. ஒருத்தி எவ்வளவு வேகமாகச் சொல்கிறாள், மற்றவள் எவ்வளவு வேகமாக எழுதுகிறாள் என்பது அப்போதுதான் பிடிபடும். பரீட்சை நாளில் முதல் முறையாகச் சந்தித்துக்கொண்டால் முதல் அரை மணி நேரம் அதற்கே போய்விடும்.

பிளாட்பாரத்தில்...

மின்சார ரெயிலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பெட்டி உண்டு. அது நிற்கும் இடத்தைக் காட்ட பிளாட்பாரத்தில் "பீப்... பீப்..." என்று ஒலிக்கும் கருவி வைத்து இருக்கிறார்கள். பார்வையற்ற பெண் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு தானாகவே போய் நிற்பாள். எழுத வரும் சிறுமிதான் கூட்டத்தில் திணறுவாள். "இந்தப் பக்கம் வா" என்று கையைப் பிடித்து வழி காட்டுவது பெரும்பாலும் பெரியவள்தான். சிறியவள் அவளைத் "தாயி" என்று அழைப்பாள். மராட்டியில் "தாயி" என்றால் அக்கா.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பெரியவளுக்கு விடுமுறை. சிறியவளுக்கு இனிமேல்தான் சொந்தப் பரீட்சை. ஆனாலும் ஒரு லாபம் உண்டு. அடுத்த ஆண்டுப் பாடத்தில் பாதியை ஒரு முறை கேட்டு, தன் கையால் எழுதியும் ஆகிவிட்டது.

முடிவு வெளியாகும் அன்று பெரியவளின் நம்பரைத் தட்டிப் பார்ப்பதும் சிறியவள்தான். மொத்த மார்க்கை அப்புறம் பார்ப்பாள். முதலில் கண் போவது மராட்டிப் பாடத்துக்கு. எழுத்துப்பிழையில் போன மார்க் இவள் கணக்கில் அல்லவா!