ஒரு லீற்றரில் 5,385 கிலோமீற்றர்



மாணவர்கள் பொது அறிவுப் போட்டிக்கெனத் திரட்டிவரும் செய்திகளுள் ஒன்று அடிக்கடி என்னிடம் விளக்கம் வேண்டி வருவதுண்டு. சுவிற்சர்லாந்திலே சூரிச் நகரத்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் அமைத்த 'பாக் கார் 2' என்னும் ஊர்தி, 2005ஆம் ஆண்டில், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 5,385 கிலோமீற்றர் என்ற சிக்கனத்தைக் காட்டியது. "அப்படியானால் ஐயா, அதை ஏன் ஒருவரும் விற்பதில்லை?" என்று கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்காக வரிசையில் நின்ற நமக்கும் அவ்வினா எழுவது இயல்பே. நான் கலைத்துறை பயின்றவன். எனினும் இதற்கு விடை காண எளிய கணக்கே போதும்.

அவ்வெண் பொய்யன்று. ஆனால் அவ்வூர்தி அத்தனை தூரம் ஓடவில்லை, பெற்றோலும் எரிக்கவில்லை. பிரான்சிலுள்ள சோதனைப் பாதையொன்றிற் சில சுற்றுகள் ஓடிச் செலவிட்ட ஐதரசன் வாயுவை அளந்து, அதன் சக்தியைப் பெற்றோற் கணக்குக்கு மாற்றிப் பெற்ற எண் அது. ஊர்தியின் நிறை ஏறத்தாழ 30 கிலோகிராம், சில்லுகள் மூன்று. சாரதி மல்லாந்து படுத்தே ஓட்டவேண்டும். வேகமோ மணிக்கு 30 கிலோமீற்றர் அளவே.

சமதரையிற் சீராக ஓடும் காரின் பெற்றோல் பெரும்பாலும் இரண்டு தடைகளை வெல்லவே செலவாகின்றது. ஒன்று, சில்லுகள் உருளும்போது எழும் தடை. இது நிறையோடு கூடும். டயரிற் காற்றுக் குறைந்தாலும் கூடும். மற்றது வளித்தடை. வேகம் இருமடங்கானால் இத்தடை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே இலேசாக, தாழ்வாக, மெதுவாக ஓடுவதிலேயே சிக்கனம் அடங்கியிருக்கின்றது. இத்தகைய போட்டிகள் 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே ஷெல் நிறுவன விஞ்ஞானிகள் தமக்குள் கட்டிய பந்தயத்தில் தோன்றியவை. அன்று வென்றவர் கண்டது லீற்றருக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றரே! பெற்றோல் ஊர்திகளை ஓட்டும் இன்றைய போட்டியாளர், சிறிது வேகம் பிடித்ததும் இயந்திரத்தை நிறுத்தி, உருண்டு செல்லவிட்டு, மீண்டும் இயக்குகிறார்கள். பஸ்ஸும் லொறியும் நெருக்கும் வீதியில் இவ்வித்தை செல்லாது.

பாதுகாப்புத்தான் பெரிய கேள்வி. போட்டியில் தலைக்கவசம், இருக்கைப் பட்டிகள், தீயணைகருவி எல்லாம் கட்டாயம். ஆயினும் அங்கே ஓடுவன யாவும் இலேசான ஊர்திகள். 300 கிலோகிராம் ஊர்தியொன்றும் 1,500 கிலோகிராம் காரொன்றும், தலைக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். உந்தக் காப்பு விதிப்படி, இரண்டும் பெரிய கார் சென்ற திசையில் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவர் இழப்பது 17 கிலோமீற்றர் வேகம். சிறியதில் இருப்பவரோ முன்னோக்கி வந்த வேகம் முழுவதையும் இழந்து, பின்னோக்கியும் எறியப்படுகிறார்; அவருக்கு நேரும் மாற்றம் 83 கிலோமீற்றர். உடலைச் சிதைப்பது இம்மாற்றமே. இலேசான பொருள் உறுதியற்றதென்று நான் கூறவில்லை. காபன் நாரினாலான கூடு பந்தயக் கார்ச் சாரதிகள் பலரின் உயிரைக் காத்திருக்கின்றது. கூடு நசுங்காதிருக்கலாம். உள்ளிருப்பவருக்கு நேரும் வேகமாற்றத்தை அது இல்லாமற் செய்யமாட்டாது.

வீதிக்கேற்ற வண்டி செய்ய முயன்றவர்களும் உளர். ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனத் தலைவர் பேர்டினண்ட் பியெக், 2002ஆம் ஆண்டில் 290 கிலோகிராம் நிறையுள்ள சோதனைக் காரொன்றை வொல்ஸ்பேர்க்கிலிருந்து ஹம்பேர்க் வரை தாமே ஓட்டிச் சென்றார். 100 கிலோமீற்றருக்கு 0.89 லீற்றர் டீசலே செலவாயிற்று. ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் வண்டி அது. விற்பனைக்கென 2013ஆம் ஆண்டில் வந்த 'எக்ஸ்எல் 1' கிட்டத்தட்ட அதே சிக்கனத்தைக் கூறிக்கொண்டது. நிறையோ 795 கிலோகிராமாகிவிட்டது. அருகருகே இருவர் அமரவும், மின்மோட்டாரும் மின்கலமும் சுமக்கவும் நிறை ஏறத்தானே செய்யும்? வீட்டில் ஏற்றிய மின்சாரம் அந்த டீசற் கணக்கிற் சேராது என்பதையும் மறக்கலாகாது.

செய்யப்பட்டவை 250 வண்டிகள். ஒன்றின் விலை ஓர் இலட்சம் யூரோவுக்கு மேல். சாதாரணச் சிறு காரைவிட 80,000 யூரோ கூடுதலென்றும், 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றர் மிச்சமென்றும், லீற்றர் ஒன்றரை யூரோவென்றும் கொள்வோமானால், கொடுத்த பணத்தை மீட்க 13 இலட்சம் கிலோமீற்றர் ஓடவேண்டும். அஃதாவது, பூமியை முப்பது தடவைக்கு மேற் சுற்றிவரவேண்டும்.