முதுமை எய்திய முயல்

சாத்தான்குளத்தை அடுத்துள்ள தேரி நிலத்தில், செம்மணல் மேடுகளுக்கிடையே, பனைகளும் முட்புதர்களும் நிறைந்த இடங்களில் காட்டுமுயல்கள் வாழ்கின்றன. பகலெல்லாம் புதரடியில் ஒடுங்கிக் கிடந்து, அந்தி மயங்கிய பின் புல்லைத் தேடி வெளிவருவது அவற்றின் இயல்பு. அதே ஊரில் சில வீடுகளின் கொல்லைப்புறத்தில், மரக்கூண்டினுள் வெண்ணிற முயல்களும் வளர்கின்றன. தமிழில் இரண்டிற்கும் பெயர் ஒன்றே. ஆயினும் இவை ஓரினத்தன அல்ல. காட்டுமுயலின் குட்டி உடல் முழுதும் மயிரோடும் விழித்த கண்ணோடும் பிறக்கும். வீட்டுமுயலின் குட்டியோ மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கும். இதன் முன்னோர் ஸ்பெயின் முதலிய மேலைநாடுகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. காட்டுமுயலைப் பிடித்தல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே வீட்டில் வளர்ப்பதற்கு உரியது மற்றையதே.

காட்டில் வாழும் முயல் முதுமையைக் காண்பது அரிது. நரியும் நாயும் கழுகும் அதனை அதுவரை வாழ விடுவதில்லை. கால் சற்றுத் தளர்ந்த அன்றே அதன் வாழ்வு முடிந்துவிடும். வீட்டில் வளரும் முயலோ நன்கு பேணப்பட்டால் எட்டாண்டு முதல் பத்தாண்டு வரை வாழும். பன்னிரண்டைத் தொடுவனவும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில் 1964ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட பிளாப்சி என்னும் காட்டுயிர், ஒரு வீட்டில் வளர்ந்து 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகக் கின்னஸ் சாதனை நூல் குறிக்கின்றது. எனவே முயலின் முதுமை இயற்கை அளித்ததன்று. மனிதன் அளித்தது என்றே கூறலாம். அளித்தவன் அதனோடு வரும் துன்பங்களையும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் நிரம்பிய முயலை முதியது எனக் கருதலாம். அவ்வயதில் அது உணவைக் குறைத்தாலும், ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாலும், வீட்டார் பலர், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று கூறி விட்டுவிடுகின்றனர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது போன்ற பிடிவாதம் இது. முதுமை வேறு, நோய் வேறு. முதுமையைத் தடுக்க இயலாது. முதுமையில் வரும் நோய்களுள் பலவற்றைத் தடுக்கவும் தணிக்கவும் இயலும். ஆனால் முயல் தன் நோயை வெளிக்காட்டுவதில்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் தன் தளர்ச்சியைக் காட்டினால் முதலில் பிடிபடும். அவ்வச்சம் கூண்டிற்குள் வந்த பின்னும் அதனை விட்டு நீங்கவில்லை. நாய் வலித்தால் முனகும், பூனை கத்தும், முயல் வாய் திறவாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முதுகைக் கூனிப் பல்லை நறநறவெனக் கடித்தபடி அமர்ந்திருக்கும். அதுவே அதன் முறையீடு.

இல்லாத பொருளுக்கு உவமையாக முயற்கொம்பைச் சொல்வது நம்மவர் வழக்கு. இல்லாத கொம்பு பெற்ற புகழை இருக்கின்ற பல் பெறவில்லை. முயலின் வாழ்நாளை அளப்பதோ பல்லே. முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள் உண்டு. மேல்வாயின் வெட்டுப்பற்கள் இரண்டிற்கும் பின்னே மற்றும் இரண்டு சிறு பற்கள் மறைந்து நிற்கும். நம் பற்களைப் போல வளர்ந்து நின்றுவிடாமல், அதன் பற்கள் அனைத்தும் உயிருள்ள வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். அவ்வளர்ச்சிக்கு ஈடாக அவை தேய்தலும் வேண்டும். அத்தேய்வைத் தருவது புல். புல்லில் மணற்சத்து உண்டு. அதனைப் பக்கவாட்டில் நெடுநேரம் அரைக்கும்போது கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மட்டமாகின்றன. சோறு, ரொட்டி, பிஸ்கட்டு, தவிடு ஆகியவற்றையே உண்டு வளர்ந்த முயலுக்கு இவ்வுராய்வு போதாது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கடைவாய்ப்பற்களின் ஓரத்தில் ஊசி போன்ற முனைகள் எழுகின்றன. கீழ்ப்பல்லின் முனை நாக்கைக் குத்தும். மேற்பல்லின் முனை கன்னத்தைக் கிழிக்கும்.

அந்நிலையிலுள்ள முயல் பசியற்றதன்று. உணவைக் கண்டவுடன் ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், பின்பு கீழே போட்டுவிடும். மோவாய் எச்சிலால் நனைந்திருக்கும். பல்லின் வேர் மேல்நோக்கி அழுத்துவதால் கண்ணில் நீர் வடிதலும் உண்டு. கால்நடை மருத்துவர் அதனை மயக்கி, கருவி கொண்டு வாயின் உட்புறத்தைக் கண்டு, முனைகளைத் தேய்த்துவிட்டால் உடல் தேறி மீண்டும் உண்ணத் தொடங்கும். நகவெட்டியால் வெட்டுப்பல்லை நறுக்கிவிடுவோரும் உளர். அது பல்லை நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் கட்டச் செய்யும்.

உணவு குறைவதை முயலிடத்தில் பொறுத்துப் பார்த்தல் ஆகாது. அதன் குடலின் ஒரு பக்கத்தே பெரும் பை ஒன்று உண்டு. நுண்ணுயிர்கள் அங்கே நாரைச் செரிக்கச் செய்கின்றன. அக்குடல் ஓயாது அசைந்துகொண்டிருத்தல் வேண்டும். அதனை அசையச் செய்வது நார் நிறைந்த புல்லே. முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. ஆகவே வயிற்றில் தங்கியது கீழ்நோக்கியே செல்ல வேண்டும். அரைநாள் அது ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாளை பார்ப்போம் என்பது பலமுறை உயிரை இழக்கச் செய்திருக்கின்றது. கூண்டைக் கூட்டும்போது புழுக்கையை நோக்குதல் அருவருக்கத்தக்க செயலன்று. உருண்டு திரண்டு மிகுதியாக இருப்பது நலம். சிறுத்துச் சுருங்கியிருப்பது கேடு.

முயல் இருவகைப் புழுக்கை இடும் என்பது பலர் அறியாதது. கெட்டியானதை விட்டுவிடும், மென்மையானதைக் குனிந்து வாயாலேயே எடுத்து உண்டுவிடும். முதல்முறை செரிமானத்தில் விடுபட்ட சத்தை அது இவ்வாறு பெறுகின்றது. மூட்டுவாதம் கண்ட கிழமுயலால் அவ்வாறு குனிய முடிவதில்லை. மென்புழுக்கை அதன் பின்புற மயிரில் ஒட்டிக்கொள்ளும். வீட்டார் இதனைக் கழிச்சல் என எண்ணிப் புல்லை நிறுத்திவிடுவர்; அது மேலும் தீங்காகும். வெப்பம் மிகுந்த ஊர்களில் அந்த ஈரத்தை நாடி ஈக்கள் வந்து முட்டையிடும். ஒரே நாளில் புழுக்கள் தோன்றித் தோலைத் துளைக்கும். முதிய முயலின் பின்புறத்தைக் காலையும் மாலையும் பார்த்துத் துடைத்து உலர்த்துதல் வேண்டும். மூட்டு வலிக்கு மருத்துவர் தரும் மருந்தும் உண்டு. நாய்க்கு இருப்பது போன்ற உள்ளங்கால் மெத்தை முயலுக்கு இல்லை. மயிரே அதன் காலணி. கம்பிவலைத் தரையில் அம்மயிர் தேய்ந்து புண்ணாகும். கூண்டின் தரையில் பனையோலைப் பாயும் அதன்மேல் உலர்ந்த புல்லும் பரப்பினால் போதும்.

பெண்முயலுக்கு மற்றொரு கேடு உண்டு. நான்கு வயதைக் கடந்த பெண்முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருதல் மிகுதி. சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றிடம் இது கண்டறியப்பட்டுள்ளது. இளமையில் கருப்பையை அகற்றிவிட்டால் இந்நோய் வருவதில்லை. சிறுநீர் சிவந்திருப்பதைக் கண்டவுடன் இரத்தம் என்று அஞ்சிவிடலும் கூடாது. உண்ட இலைகளின் சாயமும் அவ்வாறு தோன்றும். எது என்பதை மருத்துவர் சோதித்து அறிவார்.

முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் எளிதாகக் கிடைப்பதால் அவற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தல் இயல்பு. பிற விலங்குகளின் குடல் தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்புச்சத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. முயலின் குடலோ கிடைத்ததை மிகுதியாக ஏற்று, மிஞ்சியதைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். சிறுநீரகம் தளர்ந்த முதிய முயலுக்கு அது மணல் போலப் படிந்து வலியைத் தரும். இக்கீரைகளைச் சிறிதளவாக்கி, அறுகு முதலிய புல்லையும் தண்ணீரையும் மிகுதியாக வைத்தல் நன்று.

இவை எல்லா ஊர்களுக்கும் பொது. தேரிக்காட்டை அடுத்த ஊருக்கு வெயில் என்னும் தனிப்பகை உண்டு. முயலின் உடல் வியர்த்துக் குளிர்வதில்லை. செவிகளில் ஓடும் இரத்தத்தின் வாயிலாகவே பெரிதும் வெப்பத்தை வெளியேற்றுகின்றது. காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியசைக் கடந்தால் அது துன்புறும். சித்திரை வைகாசி மாதங்களில் இங்கே அவ்வெல்லை முற்பகலிலேயே கடந்துபோகும். முதியதும் கொழுத்ததுமான முயலே முதலில் சாயும். தகரக் கூரையின் கீழ்க் கூண்டு வைத்தல் அடுப்பின்மேல் வைத்தலை ஒக்கும். பனையோலை வேய்ந்த நிழலும், நீர் தெளித்த கோணிப்பையும், சாய்ந்து படுக்க நீர் நிறைத்த மண்பானையும் வேண்டும். மின்விசிறி ஒன்றே போதாது. வியர்க்காத உடலைக் காற்று அதிகம் குளிர்விப்பதில்லை. ஆடிக்காற்றில் செம்மணல் பறக்கும் நாள்களில் கூண்டிற்குத் திரை கட்ட வேண்டும். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடக்கூடியது; மூக்கடைத்தால் அது திணறும்.

வீட்டிலுள்ள மாத்திரைகளை முயலுக்குக் கொடுத்தல் பெருந்தவறு. மனிதரைக் காக்கும் பென்சிலின் வகை மருந்துகள் முயலின் வாய்வழியே சென்றால் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதனைக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி சென்னையில் 1903ஆம் ஆண்டு தொடங்கியது; திருநெல்வேலியில் 2012ஆம் ஆண்டு ஒன்று ஏற்பட்டது. சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் வழி நெடியது. நோயுற்ற முயலை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் கொண்டுசெல்லுதல் நலம். காற்றோட்டமுள்ள கூடையில் அதற்குப் பழகிய பாயை விரித்து, ஒரு பிடி புல்லும் வைத்து, உடன் வாழும் முயல் இருப்பின் அதனையும் ஏற்றிச் செல்வர். கடந்த சில வாரங்களின் எடையைக் குறித்த தாளையும் முந்தைய நாளின் புழுக்கையையும் கையில் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். வாய் திறவாத நோயாளியைப் பற்றி அவருக்குச் சொல்லக்கூடியவை அவை இரண்டுமே.