ஓடுபாதையில் வால் உரசினால்

2018 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்த நேரம். திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 விமானம், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாக்களையும் விமான நிலையச் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது. உள்ளே 136 பேர். விமானம் எதிலோ மோதியிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொன்னது. கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுவதாக விமானிகளின் பதில் வந்தது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து மும்பையில் இறக்கிப் பார்த்தால், அடிப்பகுதி கிழிந்திருந்தது. திருச்சி ஓடுபாதையில் விமானம் ஓடிக்கொண்டிருந்தபோது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்து, அவர் கை இன்ஜின் விசையைத் தன்னையறியாமல் இழுத்துவிட்டது என்று விசாரணை சொன்னது.

யாருக்கும் காயமில்லை என்பதால் செய்தி இரண்டு நாளில் அடங்கிவிட்டது. எனக்கு இதில் உறுத்துவது இடித்தது அல்ல, இடித்த பிறகும் பறந்துகொண்டே இருந்ததுதான்.

ஏன் என்று புரிய, விமானம் எப்படி எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து, குறித்த வேகம் வந்ததும் மூக்கைத் தூக்கும். நொடிக்கு இரண்டு, மூன்று டிகிரி என்று நிதானமாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டாலோ, வேகம் போதாமல் தூக்கினாலோ வால் தரையைத் தேய்க்கும். இதைத்தான் டெயில் ஸ்ட்ரைக் என்கிறார்கள். உடல் நீள நீள ஆபத்து கூடும். ஏர்பஸ் ஏ320-ன் நீளம் சுமார் 37.5 மீட்டர். அதே குடும்பத்து ஏ321 ஏழு மீட்டர் அதிகம். இண்டிகோவின் ஏ321 விமானங்கள் 2023-ல் ஆறே மாதத்தில் நான்கு முறை வால் உரசியதும், நடைமுறை ஆவணங்களிலும் பயிற்சியிலும் குறைகள் இருப்பதாகச் சொல்லி அந்நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ.

எல்லா உரசலும் விமானியின் கையால் நேர்வதில்லை. கணக்கால் நேர்வதும் உண்டு. எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்பது விமானத்தின் எடையைப் பொறுத்தது. 2003-ல் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747-ன் எடையைக் கணக்கிட்டபோது 100 டன் விடுபட்டது, வால் தேய்ந்தது. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் விமானத்துக்கு 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் என்று பதிவானது. ஓர் எண் மட்டும் மாறியதில் 275 பேருடன் அது ஓடுபாதையைத் தாண்டி விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துவிட்டுத்தான் எழும்பியது. 2024 ஜூலையில் மிலானில் லாட்டம் நிறுவனத்தின் 777 விமானத்துக்கும் கிட்டத்தட்ட அதே 100 டன் பிசகு. இருபது ஆண்டுகளில் மூன்று நாடுகளில் ஒரே தவறு நடந்தால், அதைத் தனி ஒருவரின் கவனக்குறைவு என்று சொல்லி முடிப்பது நியாயமில்லை.

வால் தேய்ந்த அன்றைக்கே உயிர் போவது அரிது. 2004-ல் ஹாலிஃபாக்ஸில் தவறான எடைக் கணக்கோடு கிளம்பிய ஒரு சரக்கு 747-ல் ஏழு பேர் இறந்தது விதிவிலக்கு. பெரிய ஆபத்து பின்னால் வரும். 1978-ல் ஒசாகாவில் தரையிறங்கும்போது வால் தேய்ந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-ஐச் சரிசெய்தவர்கள், கேபினின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கத் தடுப்பில் ஒரே தகடாகப் பொருத்த வேண்டியதை இரண்டு துண்டாக்கிப் பொருத்தினார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரே வரிசையில் விழுந்தது. ஏழாண்டுகள் பறந்தபின், 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தத் தடுப்பு வெடித்து 520 பேர் இறந்தார்கள். சீனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று 1980-ல் ஹாங்காங்கில் வால் உரசியது. கீறலை முழுதாக நீக்காமல் மேலே தகடு போட்டு மூடினார்கள். 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேலே அது சிதறியதில் 225 பேர் இறந்தார்கள்.

வால் உரசியதாகச் சந்தேகம் வந்தாலே உயரம் ஏறாமல், இறங்கிப் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். எனவே விமானம் திரும்புகிறது என்று அறிவித்தால் கூச்சல் போடாதீர்கள். கடைசி வரிசைகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பின்னால் கேட்கும் தேய்ப்புச் சத்தம் காக்பிட்டுக்குக் கேட்காமல் போகலாம். கேட்டால் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். காலி இருக்கை இருக்கிறதே என்று கிளம்பும் முன் இடம் மாறுவதும் வேண்டாம். எடைக் கணக்கு இருக்கை வாரியாகப் போட்டது. யாரும் இடம் மாறாமலே அந்தக் கணக்கு பிசகுவதும் உண்டு: 2020-ல் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட டூயி நிறுவனத்தின் ஒரு விமானத்தில், ‘மிஸ்’ என்று பதிவான 38 பெண்களைக் கணினி குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டதால், கணக்கில் காட்டியதைவிட 1,200 கிலோவுக்கு மேல் கூடுதல் எடையோடு விமானம் பறந்தது!

இறங்கியாயிற்று. அடுத்து? ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற ஒற்றை வார்த்தையோடு கவுன்டரில் உங்களை நிறுத்துவார்கள். டிஜிசிஏ விதிப்படி, தாமதம் பயண நேரத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் விடுதி அறையும் உண்டு. வெள்ளம், கலவரம், வானிலை போன்றவற்றுக்கு இழப்பீட்டிலிருந்து விலக்கு தரும் அந்த விதி, இயந்திரக் கோளாறைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. ‘எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்’ என்றால், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

காயம் பட்டிருந்தால், சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் துணை நிற்கும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. குறிப்பிட்ட வரம்பு வரை நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தம் சொல்வது உடல் காயத்தை மட்டும். பயந்துபோனதற்கு மட்டும் அதில் பணம் கிடைப்பது கடினம். அதனால் சிறு வலி என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள்.

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழிகாட்டலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போர்டிங் பாஸ், நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள், செலவு ரசீதுகள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் சரி, மான்ட்ரியல் ஒப்பந்தப்படியான வழக்குக்கும் சரி, காலக்கெடு இரண்டே ஆண்டுகள்.