ஜல்லி ரோட்டில் பைக் ஏன் வழுக்குகிறது?

போன மாசம் ஒரு கிராமத்து ரோட்டில் பைக்கோடு விழுந்தேன். வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. வளைவில் பாதி திரும்பின பிறகுதான், தார் முடிந்து ஜல்லி ஆரம்பிப்பதைப் பார்த்தேன். பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடித்தேன். அடுத்த நொடி முழங்கை தேய்ந்து தரையில் கிடந்தேன்.

வண்டியைத் தூக்கிவிட்ட பெரியவர், "கல்லுல போயி பிரேக்கப் புடிக்கலாமா தம்பி?" என்றார். பிறகு ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கிய தன் எக்ஸ்எல்லில் ஏறி, அதே ஜல்லி மேல் நிதானமாகப் போய்விட்டார். இருபது வருஷமாக பைக் ஓட்டுகிறேன். வழக்கமாகப் பின்சீட்டில் மகள் இருப்பாள், அன்றைக்கு இல்லை. அந்த நினைப்புதான் வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட வைத்தது.

டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் சொல்வார்கள். காய்ந்த தாரில் அது சுமார் 0.7. ஜல்லியில் கல்லின் அளவு, ஆழத்தைப் பொறுத்து மாறும். கணக்குக்காகப் பாதி, அதாவது 0.35 என்று வைத்துக்கொள்வோம்.

வளைவில் திரும்பவும் பிடிமானம் வேண்டும். எவ்வளவு? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் 9.8-ஆலும் வகுத்தால் வரும். நான் திரும்பிய வளைவின் ஆரம் ஏறக்குறைய 20 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். விடை 0.35! ஜல்லி கொடுத்த மொத்தப் பிடிமானமும் திரும்புவதற்கே செலவாகிவிட்டது. பிரேக்குக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதே வளைவில் 20-ல் போயிருந்தால் தேவை 0.16 மட்டும்தான். பால் கேன் பெரியவர் பிழைத்தது இப்படித்தான்.

நேர் ரோட்டிலும் இதே கதைதான். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் தாரில் சுமார் 9 மீட்டரில் நிற்கிற வண்டி, ஜல்லியில் நிற்க 18 மீட்டர் ஆகும்.

சரி, முன் பிரேக் மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து? பின்சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். வண்டியை நிமிர்த்தி வைப்பது முன்சக்கரம் திரும்பித் திரும்பிச் செய்கிற சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். அது சுற்றாமல் பூட்டிக்கொண்டால் திருப்பமும் போச்சு, பேலன்ஸும் போச்சு.

"என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கே" என்பவர்களுக்கு: 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும், உண்மை. ஆனால் ஆழமான ஜல்லியில் நிற்கும் தூரம் கூடலாம். பூட்டிய சக்கரம் தன் முன்னால் கல்லைக் குவித்து, அந்தக் குவியலில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் குவியல் சேராது. அதோடு, வண்டி சாய்ந்திருப்பது சாதாரண ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில், வேகத்தை ஜல்லிக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். பிரேக், திருப்பம் ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. உள்ளே நுழைந்த பிறகு இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்துப் போகலாம். குறைக்க வேண்டுமானால் பின் பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். முன் பிரேக்குக்கு ஒரு விரல் போதும்.

இரண்டாவது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சக்கரத்தின் அமைப்பு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி; கொஞ்சம் ஆடினாலும் தானே நேராகப் பார்க்கும். நாம் இறுக்கினால் அந்த வேலையைத் தடுக்கிறோம். முழங்கால்களால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்துங்கள். கண் கல்லைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும்.

மூன்றாவது, தார் மேல் சிதறிய பொடி ஜல்லியும் எம்-சாண்டும் மோசமானவை. ரோடு நன்றாக இருப்பது போலத் தெரியும். ஆனால் கெட்டியான தாருக்கும் டயருக்கும் நடுவே கல் பேரிங் குண்டு மாதிரி உருளும். கார், பஸ் சக்கரம் போன தடத்தில் கல் விலகியிருக்கும். அந்தத் தடத்திலேயே போங்கள்.

போன ஞாயிறு அதே வளைவுக்குத் தனியாகப் போனேன். 20-ல், கையைத் தளர்த்தி, பிரேக்கைத் தொடாமல். நடுவில் முன்சக்கரம் ஒருமுறை ஆடியது. கை தன்னால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். வண்டி தானே நேரானது. இன்னும் ஒரு பத்து தடவையாவது பழகணும். அதுவரை மகளோடு போகும்போது அந்தப் பக்கம் சுற்றுவழிதான்.