கீமோவுக்குப் பின் முளைக்கும் முடி

முடிவேர் செல்கள் உடலில் மிக வேகமாகப் பெருகுபவை. பெருகும் செல்களைத் தாக்கும் கீமோதெரபி மருந்துகளுக்குப் புற்றுநோய் செல் எது, முடிவேர் எது என்ற பேதம் தெரியாது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல் போன்றவை தொடங்கிய 2 முதல் 4 வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிரும். புருவமும் உதிரலாம். தலைமுடியை முன்கூட்டியே ஒட்ட வெட்டிக்கொள்வது பலருக்கு ஆறுதல். தலையைக் குளிர்விக்கும் தொப்பி, அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைத்து உதிர்வை ஓரளவு தடுக்கும். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அது பொருந்தாது.

சிகிச்சை முடிந்த 1 முதல் 3 மாதங்களில் பூனைமுடி எட்டிப்பார்க்கும். பிறகு மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். நேர்முடி சுருளாக வருவதும் உண்டு. பெரும்பாலும் அது நிலைப்பதில்லை. சில மாதங்களுக்குச் சாயம் பூசாதிருப்பது நல்லது. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து பெற்ற சிலருக்குப் பழைய அடர்த்தி திரும்பாமல் போகலாம்.